நான்கு விகிதம், ஒரே கொட்டை: காபி-சிக்கரிக் கலவைகளைக் கண்ணைக் கட்டிக் குடித்துப் பார்த்தால்

மளிகைக் கடை அலமாரியில் 80:20, 70:30, 60:40, 53:47 என்று வரிசையாக நிற்கும் காபித் தூள் பாக்கெட்டுகளில் எது நல்லது என்று கேட்டால், ஆளுக்கொரு பதில் வரும். பதில் சொல்பவர்களில் பெரும்பாலோர் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். எழுத்தை மறைத்து, டம்ளரில் எண் மட்டும் ஒட்டிக் கொடுத்தால் அதே ஆட்கள் தடுமாறுவார்கள். அதனால் இந்த மதிப்புரை எந்தக் கம்பெனியையும் பற்றியது அல்ல. ஒரே கொட்டை, ஒரே வறுவல், ஒரே அரைப்பு. மாறுவது சிக்கரி மட்டும். நான்கு விகிதமும் பாலில் எப்படி நடந்துகொள்கின்றன, அதை ஏமாறாமல் எப்படிச் சோதிப்பது என்பதுதான் விஷயம்.

முதலில் சிக்கரி. குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளையும் ஒரு செடியின் வேர் அது. காயவைத்து, வறுத்து, உடைத்து வருகிறது. கஃபீன் துளியும் கிடையாது. வேரில் இருக்கும் இனுலின் என்ற மாவுச்சத்து வறுக்கும்போது கருகிய சர்க்கரையாக மாறுவதால்தான் அந்தக் கருமையும் வெல்லப்பாகு வாசனையும். காபித் தூளில் சுடுதண்ணீரில் கரைந்து இறங்குவது அதிகம் போனால் 30 சதவீதம். வறுத்த சிக்கரியில் அதைப்போல் இரண்டு மடங்கு. இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் போட்டே ஆக வேண்டும். 53:47 என்ற விசித்திரமான எண் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறது.

விகிதத்தைச் சோதிக்க நான்கு பாக்கெட் வாங்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. நான்கிலும் கொட்டை வேறு, வறுத்த நாள் வேறு, அரைப்பு வேறு. வித்தியாசம் தெரிந்தாலும் எதனால் என்று சொல்ல முடியாது. கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையில் பிளான்டேஷன் ஏ ரகத்தை (பழத்தோல் நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகா கொட்டை) தனியாகவும், சிக்கரியைத் தனிப் பொட்டலமாகவும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு விகிதத்திலும் 100 கிராம் கலக்க மொத்தம் 263 கிராம் காபி, 137 கிராம் சிக்கரி ஆகும். ஒப்பிட்டுப் பார்க்கச் சிக்கரி இல்லாத தூள் 100 கிராம் வேண்டும். ஆகவே காபி 400, சிக்கரி 150 என்று வாங்கினால் சிந்தியது போக மிஞ்சும். 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு அவசியம். கடையில் கரண்டியால் அள்ளிப் போடும் சிக்கரி கண் அளவு. 70:30 கேட்டவருக்கு 65:35 போவது சகஜம்.

கலந்த தூளை டப்பாவில் போட்டு அப்படியே விட்டால் குலுங்கக் குலுங்கக் காபியும் சிக்கரியும் பிரிந்துவிடும். இரண்டும் எடையிலும் துகளிலும் ஒன்றல்ல. எடுக்கும் ஒவ்வொரு முறையும் டப்பாவைக் கவிழ்த்துப் புரட்ட வேண்டும். சிக்கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். மழை நாளில் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் மறுநாள் சல்லடை தேவைப்படும்.

இனி டிகாஷன். தூள் 50 கிராம், கொதித்து அரை நிமிடம் அடங்கிய தண்ணீர் 250 மி.லி. தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கீழே இறங்குவது சுமார் 150 மி.லி. தான். பில்டரின் அமுக்குத் தட்டைத் தூளின் மேல் சும்மா உட்கார வைத்தால் போதும், கையால் அழுத்தக் கூடாது. ஒரே அளவு, ஒரே கடைப் பில்டர்களாக இருக்கட்டும். ஓட்டை அடைத்த பழைய பில்டர் ஒன்று கலந்துவிட்டால், அதில் இறங்கும் டிகாஷன்தான் ஜெயிக்கும் அல்லது தோற்கும். தூளுக்கு அதில் பங்கே இருக்காது. பழைய பில்டரின் அடித்தட்டை அடுப்புத் தணலில் காட்டி, ஊசியால் குத்தி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓட்டையெல்லாம் நட்சத்திரம் மாதிரித் தெரிய வேண்டும்.

சிக்கரி ஏற ஏற இறங்கும் வேகம் குறைகிறது. சிக்கரித் துகள் தண்ணீரில் ஊறி மெத்தென்று ஆகி இடுக்குகளை அடைக்கிறது. தண்ணீர் தூளோடு அதிக நேரம் தங்குவதால் காபியிலிருந்தும் கூடுதலாக இழுக்கிறது. 53:47 கள்ளிச்சொட்டாக இறங்குவதற்கு இந்த இரண்டும் காரணம். இங்கேதான் சோதனையின் பெரிய பொறி இருக்கிறது. எல்லாவற்றிலும் 50 கிராம் போட்டால் நாக்கு கண்டுபிடிப்பது சிக்கரியை அல்ல, கெட்டியை. 'இது ஸ்ட்ராங், அது தண்ணிக் காபி' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆகவே இரண்டு சுற்று தேவை. முதல் சுற்று வீட்டில் போடுகிற மாதிரி, எல்லாவற்றிலும் ஒரே எடை. இரண்டாவது சுற்றில் கெட்டியைச் சமப்படுத்த வேண்டும். பழச்சாற்றின் இனிப்பை அளக்கும் கைக்கருவி (பிரிக்ஸ் மீட்டர்) இருந்தால் ஒவ்வொரு டிகாஷனிலும் ஒரு சொட்டு விட்டு எண்ணைப் பார்க்கலாம். அது காட்டுவது சுத்தமான சர்க்கரைக் கணக்கு இல்லைதான், ஆனால் நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும். ஆறிய பிறகு அளக்க வேண்டும். எண் அதிகமாக இருப்பதில் வெந்நீர் சேர்த்து மற்றதன் அளவுக்கு இறக்குங்கள். கருவி இல்லாதவர்கள் வெள்ளைப் பீங்கான் தட்டில் சொட்டு விட்டு நிறத்தை வைத்துச் சமப்படுத்தப் பார்ப்பார்கள். அது ஏமாற்றும். சிக்கரியின் நிறம் கெட்டியை மீறி ஓடும்.

பால் ஒரே நாள், ஒரே வகைப் பாக்கெட்டாக இருக்கட்டும். 4.5 சதவீதக் கொழுப்புள்ள நிலைப்படுத்திய பால் நடுவாந்திரம். 6 சதவீதக் கொழுப்புள்ள பாலில் எல்லாக் கலவையும் நல்லதாகத்தான் தோன்றும். கொழுப்பும் பால் புரதமும் கசப்பையும் துவர்ப்பையும் அமுக்கிவிடும். ஒருமுறை பொங்கியதும் இறக்கிவிட வேண்டும். அடுப்பில் கிடந்து சுண்டிய பாலின் வாடை காபி வாசனையோடு மல்லுக்கட்டும். டிகாஷன் 1 பங்கு, பால் 3 பங்கு. சர்க்கரையைப் பால் பாத்திரத்திலேயே மொத்தமாகக் கரைத்துவிடுங்கள்: 120 மி.லி. காபிக்கு 5 கிராம் கணக்கு. டம்ளர் டம்ளராக ஸ்பூனில் போட்டால் ஒருவருக்கு அடியில் தங்கும், ஒருவருக்குக் கரையும்.

சூடுதான் எல்லாவற்றையும்விடச் சறுக்குகிற இடம். 85 டிகிரிப் பாலும் ஆறிய டிகாஷனும் சேர்ந்து எவர்சில்வர் டம்ளரில் விழும்போது 70ஐ ஒட்டி இருக்கும். மூன்று முறை ஆற்றினால் 60க்கு வரும். ஒரு டம்ளரை மூன்று முறையும் இன்னொன்றை ஐந்து முறையும் ஆற்றினால் சூடும் நுரையும் மாறி, நாக்கு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மொத்தமாக ஒரு பாத்திரத்தில் கலந்து, ஆற்றி, பிறகு டம்ளர்களில் பிரிப்பது மேல். பிளாஸ்கில் போட்டு வைத்துப் பரிமாறுவது கூடாது. அரை மணி நேரத்தில் பால் காபிக்கு ஒரு வெந்த வாடை வந்துவிடும்.

முதலில் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எது பிடிக்கிறது என்பது அதற்குப் பிறகு. வித்தியாசத்துக்கு முக்கோணச் சோதனை. உலகத் தரக் குழுவின் ஐ.எஸ்.ஓ. 4120 இதற்கானது. நம் நாட்டுத் தரத்தில் உணவுச் சுவைச்சோதனைக்கு ஐ.எஸ். 6273 இருக்கிறது. மூன்று டம்ளர் வைப்போம். இரண்டில் ஒரே கலவை, ஒன்றில் வேறு. ஒற்றையாக நிற்பது எது என்று சொல்ல வேண்டும். 'தெரியவில்லை' என்ற பதிலுக்கு அனுமதி இல்லை, குத்துமதிப்பாகவாவது ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும். 12 பேர் வெறும் குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 4 பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்பதால், 12 பேரில் 8 பேராவது பிடித்தால்தான் வித்தியாசம் உண்டு என்று ஏற்கலாம். 7 பேர் என்றால் இல்லை. 6 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் 5 பேர் சரியாகச் சொல்ல வேண்டும், 24 பேருக்கு 13. எண்ணிக்கை எட்டவில்லை என்பதற்காக இரண்டும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்துவிடவும் கூடாது. 12 பேரை வைத்து அவ்வளவு தூரம் போக முடியாது.

12 பேருக்கு ஆளுக்கு மூன்று டம்ளர், டம்ளருக்கு 30 மி.லி. என்றால் ஒவ்வொரு கலவையிலும் 18 டம்ளர், 540 மி.லி. ஆகிறது. அதற்கு 135 மி.லி. டிகாஷனும் 405 மி.லி. பாலும். 50 கிராம் தூளில் இறங்கும் 150 மி.லி. இதற்குச் சரியாகப் போதும். 12 பேரையும் ஒன்றாக உட்கார வைக்காமல் நான்கு நான்கு பேராக அழைத்து, டிகாஷனை அப்படியே வைத்துக்கொண்டு பாலை மட்டும் அந்தந்தத் தடவை புதிதாகச் சூடுபண்ணுங்கள்.

டம்ளரில் 1, 2 என்றோ அ, ஆ என்றோ எழுதக் கூடாது. 1 என்று பார்த்தாலே முதல் மார்க் ஞாபகம் வந்துவிடும். 417, 283, 956 மாதிரி அர்த்தமில்லாத மூன்று இலக்க எண் போடுங்கள். ஒரே கலவையாக இருந்தாலும் மூன்று டம்ளருக்கும் மூன்று வேறு எண். வைக்கும் வரிசை ஆறு விதம்: ஒற்றை ஆள் முதலில், நடுவில், கடைசியில் என்று மூன்று, எந்தக் கலவை ஒற்றை என்று மாற்றினால் இன்னும் மூன்று. 12 பேருக்கு ஆறு வரிசையும் இரண்டு தடவை வரும். இதைச் செய்யாவிட்டால் முதல் டம்ளர்தான் அநியாயமாக மாட்டும், வெறும் வாயில் விழுவதால் அது எப்போதும் தூக்கலாகவே இருக்கும்.

நிறம் காட்டிக்கொடுக்கும். 60:40 பாலில் விழுந்தால் கருஞ்செம்மண், 80:20 வெளிர் தவிட்டு நிறம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். அறையில் சிவப்பு பல்பு மட்டும் எரிய விட்டால் இந்த நிற பேதம் பெரும்பாலும் மறையும். ஆய்வுக்கூடங்களில் செய்வதும் இதேதான். மூடி போட்ட காகித டம்ளர் யோசனை வேண்டாம், சூட்டில் அதற்கென்று ஒரு வாடை உண்டு. எவர்சில்வர் டம்ளரிலும் எலுமிச்சை வாசனைச் சோப்பு ஒட்டியிருந்தால் காரியம் கெடும். வெந்நீரில் இன்னொரு அலசல் தேவை.

ஆட்கள் விஷயம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலை 10, 11 மணி உசிதம். வெற்றிலை, பாக்கு, சிகரெட், ஜலதோஷம் எதுவும் கூடாது. சென்ட்டை எல்லோரும் நினைவில் வைத்துத் தடுப்பார்கள், தலையில் இருக்கும் மல்லிகைச் சரத்தை மறந்துவிடுவார்கள். மூடிய அறையில் இரண்டு முழம் மல்லிகை காபி வாசனையை அமுக்கப் போதும். பக்கத்து அடுப்பில் பெருங்காயத் தாளிப்பு நடந்தாலும் அவ்வளவுதான். வாய் கொப்பளிக்க அறைச் சூட்டிலுள்ள தண்ணீர், கடித்துக்கொள்ள உப்பில்லாத பொரி. பிஸ்கட்டில் இனிப்பு இருப்பதால் அது உதவாது. ஒரு டம்ளருக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நிமிடம் விடுங்கள். சிக்கரியின் கசப்பு நாக்கின் பின்பக்கம் தங்கி, அடுத்து வருவதன் கணக்கிலும் ஏறிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு முக்கோணத்துக்கு மேல் வேண்டாம்.

காபி போட்டவர் குடித்துச் சொல்லக் கூடாது, குடிப்பவர்கள் இருக்கும் அறையிலும் இருக்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்தே பாதிப் பேர் பதில் எழுதிவிடுவார்கள். யாராவது ஒருவர் 'ம்ஹும்' என்று உதட்டைப் பிதுக்கினால் மீதிப் பேர் நாக்கு அவர் பக்கம் சாயும். பேசாமல் தாளில் எழுதுவது அதற்காகத்தான்.

எது பிடிக்கிறது என்ற கேள்வியை முக்கோணத்தோடு ஒட்டிக் கேட்கக் கூடாது. ஒற்றையைத் தேடிய நாக்கு, கண்டுபிடித்ததையே குறை சொல்லும். வேறொரு நாள் நான்கையும் 60 மி.லி. வீதம் கொடுத்து, 1 (அறவே பிடிக்கவில்லை) முதல் 9 (மிகவும் பிடித்தது) வரை மதிப்பெண் கேளுங்கள். அமெரிக்க ராணுவத்தின் சாப்பாட்டு ஆய்வுகளில் பிறந்த அளவுகோல் இது. இங்கேயும் வரிசை மாற வேண்டும். நான்கு டம்ளருக்கு நான்கு வரிசை போதும்: 80, 70, 53, 60, பிறகு 70, 60, 80, 53, பிறகு 60, 53, 70, 80, கடைசியாக 53, 80, 60, 70. இதில் ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடவை வருகிறது, மற்ற மூன்றுக்கும் அடுத்ததாகவும் ஒவ்வொரு தடவை வருகிறது. 53க்குப் பின்னால் வருகிற பாவத்தை எல்லாரும் சமமாகச் சுமக்கிறார்கள். ஆட்கள் 4, 8, 12 என்று நான்கின் மடங்கில் இருக்கட்டும்.

சரி, தீர்ப்பு.

80:20இல் காபியின் புளிப்பு கலந்த பழ வாசனை இன்னும் உயிரோடு இருக்கிறது. முதல் வாயில் வறுவாசம், விழுங்கிய பிறகு வாய் சுத்தமாக விட்டுப்போகிறது. டிகாஷன் சற்று மெல்லியது. 1:3 வரை தாங்கும். பால் அதற்கு மேல் போனால் காபி காணாமல் போய், பால் சுவைதான் முன்னே நிற்கும். 60 டிகிரியில் நன்றாக இருந்தது 45 டிகிரிக்கு ஆறினாலும் நன்றாகவே இருப்பது இதன் பெரிய பலம். கலவையின் குறை எதுவும் ஆறும்போதுதான் வெளியே தெரியும். ஒவ்வொரு டம்ளரிலும் கடைசி வாயை நிறுத்தி வைத்து ஆறவிட்டுக் குடித்துப் பாருங்கள். சர்க்கரை குறைவாக, பாலும் குறைவாகக் குடிப்பவர்களுக்கு இதுதான்.

70:30ஐ 80:20இலிருந்து பாலில் பிரித்துச் சொல்வது, கெட்டியைச் சமப்படுத்திவிட்டால், நினைப்பதைவிடக் கடினம். கெட்டியைச் சமப்படுத்தாத சுற்றில் இது 'நல்ல ஸ்ட்ராங்' என்று பெயர் வாங்குகிறது. வீட்டில் தினசரி காபிக்கு, முதல் டிகாஷன் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு, எங்கள் ஓட்டு இதற்கே.

60:40 இரண்டும்கெட்டான். காபி வாசனை பின்னுக்குப் போகிறது, வெல்லப்பாகு முன்னால் வருகிறது, நாக்கில் லேசாக அப்பிக்கொள்கிறது. சூடாக இருக்கும்வரை ஏமாற்றும்.

53:47ஐக் கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது நியாயம் இல்லை. காபியாக எடுத்துக்கொண்டால் இது தோற்கும். கருகிய வெல்லம், வேர் வாடை, தொண்டையில் லேசான காறல், ஆறினால் கசாயம். ஆனால் 1 பங்கு டிகாஷனுக்கு 5 பங்கு பால், தாராளமாகச் சர்க்கரை என்று போடும் இடத்தில் மற்ற மூன்றும் கரைந்து மறைந்துபோக, நிறமும் கசப்பும் குலையாமல் நிற்பது இது ஒன்றுதான். கேன்டீனிலும் கல்யாணப் பந்தியிலும் இதற்கு வேலை இருக்கிறது. இரண்டாம் டிகாஷனுக்கு மட்டும் லாயக்கில்லை, கரையக்கூடியதில் பெரும்பங்கு முதல் இறக்கத்திலேயே போய்விடுவதால் பின்னால் வருவது வெறும் கலங்கல்.

விலையைப் பாக்கெட்டுக்குப் பார்க்காமல் காபிக்குப் பாருங்கள். கால் கிலோ 80:20இல் காபி 200 கிராம், 53:47இல் 132.5 கிராம். பாக்கெட் விலையை அந்த எண்ணால் வகுத்தால், மலிவு என்று நினைத்தது சில சமயம் மலிவாக இருக்காது.

இத்தனையும் ஒரே கொட்டையை வைத்துச் சொன்னது. பாக்கெட்டுக்குப் போனால் விகிதம் பாதிக் கதைதான். கலவை எத்தனைக்கு எத்தனை என்று எழுதியிருக்கும், காபி என்ன ரகம் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. ராபஸ்டா செர்ரியில் (பழத்தோடு அப்படியே காயவைத்த ராபஸ்டா கொட்டை) போட்ட 80:20, பிளான்டேஷனில் போட்ட 70:30ஐவிடக் கரடுமுரடாக இருக்கும். ராபஸ்டாவில் கஃபீனும் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கண்ணாடி டம்ளர்த் தண்ணீரில் தூளைத் தூவினால் காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு போட்டபடி அடியில் இறங்கும். அந்தச் சோதனை சிக்கரி இருக்கிறதா என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. இரண்டு பாக்கெட்டை ஒப்பிட வேண்டும் என்றால் பாக் செய்த தேதியில் ஒரு மாதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாததாக எடுத்து, ஒரே நாளில் பிரித்து, மேலே சொன்ன முக்கோணத்தை அப்படியே நடத்தலாம்.

மீந்துபோகும் தூளைத் தனித்தனி டப்பாவில் வைத்துப் பாழாக்க வேண்டாம். நான்கும் சம அளவில் மிஞ்சியிருந்தால் ஒன்றாகக் கொட்டிப் புரட்டுங்கள். கணக்குக்கு 66:34 வரும், 70:30க்குப் பக்கத்து வீடு.